வண்டியை எங்கே நிறுத்துவது

கென்யாவுக்குப் பறவைப் படம் எடுக்க வரப்போவதாகச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ யாராவது எழுதினால், இரண்டாவது வரியிலேயே லென்ஸ் வந்துவிடும். 600 போதுமா, 800 வேண்டுமா, கன்வர்ட்டர் போட்டால் கூர்மை குறையுமா? லென்ஸைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு ஓட்டுநரைப் பற்றி ஒரு பக்கம் பதில் போடுவேன். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். லட்சக்கணக்கில் செலவழித்து வருகிறவரிடம் டிரைவர் புராணம் எதற்கு என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. ஆனால் நைரோபியில் இத்தனை வருஷம் பறவைப் படப் பயணம் நடத்தும் இந்தத் தொழிலில் காலம் தள்ளியதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம் ஒன்றுதான். வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே பறவைப் படத்தின் பாதி முடிந்துவிடுகிறது.

நான் இங்கே வந்தது கணக்கெழுத. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஓர் அச்சகம். வேலைக்குப் போகும் வழியில், சாலையோர அக்கேசியா மரங்களின் உச்சியில் மராபு நாரைகள் நின்றுகொண்டிருக்கும். ஐந்தடி வரை உயரம், மயிர் உதிர்ந்த தலை, கழுத்தில் தொங்கும் ஒரு சிவந்த பை. கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்து இரண்டடி தள்ளி நிற்பார்கள். அழகு என்று யாரும் சொல்லிவிட முடியாத அந்தப் பறவைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. பிறகு தேசிய அருங்காட்சியகத்திலிருந்து புதன்கிழமை காலைதோறும் கிளம்பும் பறவை நடையில் சேர்ந்துகொண்டேன். 1971 முதல் நடந்துவரும் நடை அது. ஃப்ளியர் ங்வேனோ என்ற அம்மையார் அதைப் பல்லாண்டுகள் முன்நின்று நடத்தியவர். அந்தக் கூட்டத்தில் கேமரா வைத்திருப்பவனுக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. புதருக்குள்ளிருந்து குரல் வந்தால் எல்லாரும் கேட்பார்கள்; நான் மட்டும் லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

பறவைகளைப் பட்டியலிடுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் ஒரே சாதி என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 1986 நவம்பரில் டெர்ரி ஸ்டீவன்சன், ஜான் ஃபேன்ஷா, ஆண்டி ராபர்ட்ஸ் மூவரும் கென்யாவில் 24 மணி நேரத்தில் 342 இனங்களைப் பார்த்து முடித்தார்கள். முதல் இருவரும் பிறகு எழுதிய கிழக்காப்பிரிக்கப் பறவைக் கையேடு 2002-இல் வந்தது. எங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடக்கும். 342 இனங்களைப் பார்க்க வேண்டுமானால் வண்டி நிற்கவே கூடாது. எங்களுக்கோ ஒரு நல்ல நாளில் நான்கு பறவை. மூன்று என்றாலும் வருத்தமில்லை.

எங்கள் ஓட்டுநரை ஊரே ம்ஸே என்றுதான் கூப்பிடும். பெரியவர் என்று பொருள். பாரிங்கோ பக்கத்து ஆள். கெரிச்சோவிலிருந்து மொம்பாசாவுக்குத் தேயிலை லாரி ஓட்டியவர். கேமராவை அவர் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பறவையைக் கண்டதும் அவர் உடனே பிரேக் போடமாட்டார். முதலில் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்ப்பார், புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று. பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பும், இறங்குவதும் அப்படியே. ஆகவே காற்று நம் முதுகுப்பக்கமிருந்து பறவையை நோக்கி வீசினால், அது நம்மைப் பார்த்து எழும்பும். வெயிலும் அதே முதுகுப்பக்கம் இருந்துவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. பல நாள் இரண்டும் சேராது. அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நான் வெயிலைப் பிடித்துக்கொள்வேன். ம்ஸே காற்றைத்தான் பிடிப்பார். வால் பக்கத்தைப் படம் எடுத்து என்ன செய்யப் போகிறாய் என்பது அவர் வாதம். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் நடக்கும்; ஸ்டியரிங் அவர் கையில்.

வெயிலில் பேரம் பேச இங்கே அதிக நேரமும் கிடையாது. நிலநடுக்கோட்டு நாடு. வருஷம் முழுக்க ஆறரையை ஒட்டி விடிகிறது, ஆறரையை ஒட்டி இருட்டுகிறது. சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதில்லை, நேராக மேலே போய்விடும். ஒன்பது மணி தாண்டினால் நிழல் பறவையின் காலடியை நோக்கிச் சுருங்கி, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிடுகிறது. தரையிலிருந்து எழும் அனல் வேறு காற்றை நெளிய வைக்கும். நெளியும் காற்றின் வழியாக எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் கூர்மையாக்க முடியாது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் இன்னும் அதிகமான அனலைப் பெரிதாக்கிக் கொண்டுவருவார், அவ்வளவுதான். ஆகவே இருட்டிலேயே கிளம்பிவிடுவோம். பத்து மணிக்குத் திரும்பி வந்து இட்லி கிடைக்காத ஊரில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம். நாலு மணிக்கு மறுபடி.

முக்காலிக்கு வண்டிக்குள் இடமில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு துணிப்பை, அதன்மேல் லென்ஸ். ஊரிலிருந்து வரும்போது பை காலி. நகூரு சந்தையில் பீன்ஸ் வாங்கி நிரப்பிக்கொள்வோம். அரிசி போட்டால் பை கல்லாகிவிடும். பீன்ஸ் லென்ஸுக்கு ஏற்றபடி இடம் கொடுக்கும். பயணம் முடிந்ததும் அந்தப் பீன்ஸ் ம்ஸே வீட்டுக்குப் போய், சோளத்தோடு வெந்து கிதேரி ஆகிவிடும். லேண்ட் குரூசரின் கூரையைத் தூக்கிவிட்டு நின்றபடி எடுப்பதுதான் சஃபாரி என்று விளம்பரங்களில் காட்டுகிறார்கள். சிங்கத்துக்கு அது சரி. தரையில் நிற்கும் பறவையை மேலிருந்து எடுத்தால் பின்னணி முழுக்க மண்தான். ஜன்னல்தான் எங்கள் இடம். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், உள்ளே யாரும் அசையக் கூடாது. பின் இருக்கையில் ஒருவர் பிஸ்கட் எடுக்கக் குனிந்தால் முன் இருக்கையில் இருப்பவரின் படம் போய்விடும். பயணத்தில் நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

பூநாரை பார்க்க நகூருக்குத்தான் போக வேண்டும் என்று பழைய புத்தகங்களைப் படித்தவர்கள் சொல்வார்கள். 2010-க்குப் பிறகு அந்த ஏரி வீங்கிக்கொண்டே போய், பூங்காவின் பழைய நுழைவாயிலையும் கட்டடங்களையும் விழுங்கிவிட்டது. கரையில் இருந்த மஞ்சள் பட்டை அக்கேசியா மரங்கள் தண்ணீருக்குள் நின்று செத்துப்போயின. நன்னீர் கலந்து உவர்ப்புக் குறைந்ததும் ஸ்பைருலினா பாசியும் குறைந்தது. சிறு பூநாரைக்கு அந்தப் பாசிதான் சோறு. அதன் இளஞ்சிவப்பு நிறமும் அதிலிருந்து வருவதே. பெரும் கூட்டங்கள் வடக்கே பொகோரியா ஏரிக்குப் போய்விட்டன. பட்ட மரங்கள் இப்போது நீர்க்காகங்களுக்குக் கிடைத்துவிட்டன. எனக்கு அந்த மரங்களையும் பிடிக்கும். ஆனால் பூநாரைக்காக டிக்கெட் எடுத்து வந்தவரிடம் நீர்க்காகத்தைக் காட்டித் திருப்திப்படுத்த முடியாது.

பொகோரியாவில் கரையோரமாகவே சாலை போகிறது. சில இடங்களில் இறங்கி நடக்கவும் செய்யலாம். முதன்முறை வருகிறவர் கூட்டம் எங்கே அடர்த்தியோ அங்கே போகச் சொல்வார். போனால் என்ன ஆகும்? கூட்டம் முழுவதும் முதுகைக் காட்டியபடி, அவசரமில்லாமல், நடந்தே ஆழத்துக்குப் போய்விடும். நாம் பத்தடி நடந்தால் அது இருபதடி. கல்லெறிந்து கிளப்பிவிட்டு இளஞ்சிவப்பு மேகம் என்று படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு படத்துக்காக ஆயிரக்கணக்கான பறவைகள் மேய்ச்சலை விட்டு எழும்ப வேண்டியிருக்கிறது. என் வண்டியில் அதற்கு இடமில்லை.

ம்ஸே நிறுத்துவது கூட்டமே இல்லாத இடத்தில், ஓடை ஏரியில் வந்து விழும் முகத்தில். சோடா ஏரியில் நாள் முழுக்க மேய்கிற பறவைக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும், குடிக்கவும் குளிக்கவும். ஓடை முகத்துக்கோ வெந்நீர் ஊற்றுகள் ஓரத்துக்கோ அது வந்தே தீர வேண்டும். வண்டி முன்னாலேயே போய் நின்றுவிட்டால் பறவைகள் அதைப் பாறையாக எடுத்துக்கொள்கின்றன. அரைமணி நேரத்தில் முதல் வரிசை வரும். பிறகு நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் தவிப்பார். சட்டத்துக்குள் ஒரு கழுத்துதான் கொள்ளும். தலையைத் தலைகீழாக்கி அலகைத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இறைத்து இறைத்து வடிகட்டுவதை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க, கேமராவைக் கீழே வைத்துவிடத் தோன்றும். வைத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். மீன்கழுகு இருக்கும் மரத்தையும் அப்போதே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. பொகோரியா ஏரியில் மீன் இல்லை. ஆகவே இங்குள்ள மீன்கழுகு பூநாரையைத்தான் அடிக்கும்.

இத்தனை பூநாரைகளும் முட்டையிடுவது இங்கே அல்ல. கிழக்காப்பிரிக்காவின் சிறு பூநாரைகளுக்குப் பிள்ளைப்பேற்று வீடு எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் இருக்கும் நேட்ரான் ஏரி. 1954-இல் லெஸ்லி பிரவுன் என்பவர் விமானத்திலிருந்து அந்தக் கூடுகளைக் கண்டார். பிறகு சேற்றில் நடந்தே அங்கே போய்விடலாம் என்று இறங்கினார். மேலே கெட்டியாகத் தெரியும் சோடாப் படலம் காலடியில் உடைந்து, உள்ளே சுடுசேறு. கால்கள் வெந்து, உயிர் பிழைத்ததே பெரிது என்று மருத்துவமனையில் கிடந்தார். நரியும் கழுதைப்புலியும் அணுக முடியாத இடம் என்பதால்தான் பூநாரை அங்கே கூடு வைக்கிறது. 2000-களின் நடுவில் அந்த ஏரியிலிருந்து சோடா சாம்பல் எடுக்க ஓர் ஆலைத் திட்டம் வந்தது. டாட்டா கெமிக்கல்ஸும் அதில் கூட்டாளி. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பி, 2008-இல் டாட்டா விலகிக்கொண்டது. நேட்ரான் கூடுகளின் படம் வேண்டும் என்று கேட்கிறவர்களை நான் அழைத்துப் போவதில்லை. வண்டி நிறுத்தக்கூடிய இடம் அங்கே எதுவுமே கிடையாது.

நைவாஷாவில் வண்டிக்குப் பதில் படகு. நன்னீர் ஏரி, கரையெல்லாம் பாப்பிரஸ் கோரை, அதற்குள் நீர்யானைகள். படகுக்காரர் மீன் ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்து விசிலடிப்பார். தூரத்து மரத்திலிருந்து மீன்கழுகு கிளம்பும். மீனை வீசுவார், மிதப்பதற்காக அதன் வயிற்றில் கோரைத் தண்டைத் திணித்திருப்பார்கள். எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால் யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை எடுத்துவிடலாம். வெள்ளைத் தலை வெளிறிப்போகாமல் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டால் போதும். இதை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். படகுக்காரருக்கு அது பிழைப்பு, கழுகுக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதைக் காட்டு வேட்டை என்று போட்டிக்கு அனுப்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நகத்தில் பிடிபட்ட மீன் விறைத்துக் கிடப்பதும், சில படங்களில் வாயோரம் பச்சைத் தண்டு எட்டிப் பார்ப்பதும், பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு நொடியில் தெரியும். மீனில்லாமல் காத்திருந்தும் எடுக்கலாம். அதற்குப் படகை மீன் வீசும் இடத்தில் நிறுத்தக் கூடாது. கழுகு வழக்கமாக உட்காரும் மரத்துக்கும் ஆழமில்லாத தண்ணீருக்கும் நடுவே, சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு காலை முழுக்க ஒன்றும் நடக்காமல் போகலாம். அதற்குப் பணம் கொடுத்து வர எத்தனை பேர் தயார்?

உகாண்டாவில் விக்டோரியா ஏரியின் ஓரத்தில் மபாம்பா சதுப்பு நிலம். அங்கே ஷூபில் என்ற பறவைக்காகவே ஆட்கள் வருகிறார்கள். நாலடி உயரம், சாம்பல் நிறம், முகத்தில் மரக்கட்டைச் செருப்பை மாட்டியதுபோல் ஓர் அலகு. நுரையீரல் மீன் மேலே மூச்சுவாங்க வரும்வரை ஒரே குட்டையின் ஓரத்தில் அசையாமல் நிற்கும். முன்பு மீனவர்கள் அதைக் கண்டால் அன்றைக்கு வலை காலி என்று அபசகுனமாக நினைத்துக் கொன்றார்கள். இன்று அதே ஊர்க்காரர்கள் துடுப்புப் போட்டு அதைக் காட்டிப் பிழைக்கிறார்கள். இங்கே தூரத்தை முடிவு செய்பவர் துடுப்புக்காரர். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் என்று வாடிக்கையாளர் சைகை காட்டினால், கேட்காததுபோல் இருந்துவிடுபவரே நல்ல துடுப்புக்காரர். பறவை பறந்துவிட்டால் போவது நம் படம் மட்டுமல்ல. அதன் ஒரு பகல் காத்திருப்பும் போய்விடுகிறது.

மசாய் மாராவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எல்லாரும் எழுதியாயிற்று. அங்கே எங்கள் வேலை, மற்ற வண்டிகள் கிளம்பிப்போன பிறகுதான் தொடங்கும். சிங்கம் தின்றுவிட்டு எழுந்து போனதும் வேன்கள் கலைந்துவிடும். அப்போது வானத்தில் புள்ளிகள் தெரியும். பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள். இறங்குவதற்கு அவற்றுக்கு நீண்ட ஓடுதளம் வேண்டும், அதுவும் காற்றை எதிர்த்து. பிணத்தை ஒட்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறவருக்குப் பிடுங்கல் சண்டையின் படம் கிடைக்கும். நூறடி தள்ளி ஓடுதளத்தின் பக்கவாட்டில் நிறுத்துகிறவருக்கு, கால்களை முன்னே நீட்டி இறகு விரித்து வரும் ரூப்பெல் பாறு கிடைக்கும். 1973-இல் ஐவரி கோஸ்ட் வானில் 37,000 அடி உயரத்தில் விமானத்தில் மோதியது இந்த இனத்துப் பறவைதான். அந்த உயரத்தில் பறக்கக்கூடியது இங்கே தரையில் இறங்கத் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

இந்தப் பாறுகளைப் பார்க்கும்போது நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. நம்மிடம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றைக் கொன்றது. 2006-இல் தடை வந்தபோது தமிழ்நாட்டில் மாயாறு போன்ற சில இடங்களில்தான் மிச்சமிருந்தன. இங்கே மருந்தல்ல, விஷம். மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்கப் பிணத்தில் பூச்சிக்கொல்லியைக் கலக்கிறார்கள். யானை வேட்டைக்காரர்கள் வேறு, வானில் வட்டமிடும் பாறுகள் தங்களைக் காட்டிக்கொடுக்கின்றன என்று வேண்டுமென்றே கலப்பதுண்டு. 2019-இல் போட்ஸ்வானாவில் விஷம் வைத்த யானைப் பிணங்களில் செத்த பாறுகள் 537. பிணத்தின் பக்கத்தில் ஒரு பாறு தலை தொங்கி நின்றால் நாங்கள் கேமராவை வைத்துவிட்டு முதலில் ரேஞ்சருக்குப் போன் போடுவோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு யாரும் வருவதில்லை. நைவாஷாவுக்கு மேலே, அபர்டேர் மலையடியில், 2,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது கினங்கோப் மேட்டுநிலம். தேசியப் பூங்கா அல்ல. உருளைக்கிழங்கு வயல், முட்டைகோஸ் வயல், ஆட்டுப்பட்டி, முள்கம்பி வேலி. நடுநடுவே கொத்துக் கொத்தாக வளரும் புல்வெளி. அந்தக் கொத்துப்புல்லை விட்டால் வாழத் தெரியாத ஒரு பறவை உண்டு, ஷார்ப்பின் நெடுநகக் குருவி. மஞ்சள் மார்பு, கழுத்தில் கறுப்பு மாலை. கென்யாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. புல்லை உழுதுவிட்டால் அது போய்விடும். உழுகிறவர் மேலும் தப்பில்லை. பள்ளிக்கூடக் கட்டணத்தை ஆட்டுப்புல் கட்டாது, கிழங்கு கட்டும்.

நான் அங்கே போவது நெடுவால் விடோபேர்டுக்காக. ஆணுக்கு உடம்பு கரும் நிறம், தோளில் சிவப்பு, வால் அரை மீட்டர். புல்லுக்கு மேலே தாழ்வாக, மெல்ல மெல்லச் சிறகடித்து, அந்த வாலை இழுத்துக்கொண்டு தன் எல்லையைச் சுற்றி வரும். மால்ட்டே ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் இந்த மேட்டுநிலத்தில்தான் தன் சோதனையைச் செய்தார். 36 ஆண்களைப் பிடித்தார். சிலவற்றின் வாலை வெட்டி ஏறத்தாழ 14 சென்டிமீட்டராக்கினார். வெட்டியதை வேறு சிலவற்றின் வாலில் பசை போட்டு ஒட்டி நீளமாக்கினார். மற்றவை ஒப்பீட்டுக்கு. அவற்றிலும் சிலதை வெட்டி அப்படியே திரும்ப ஒட்டினார், பசைதான் காரணமோ என்ற சந்தேகம் வராமலிருக்க. வால் நீண்டவற்றின் எல்லைக்குள்தான் பெட்டைகள் அதிகமாகக் கூடு கட்டின. வால் குறைந்தவை எல்லையைப் பறிகொடுக்கவில்லை. ஆக, அந்த வால் மற்ற ஆண்களை விரட்ட அல்ல, பெட்டைகளை வரவழைக்க. இதைச் சொன்ன கட்டுரை 1982-இல் நேச்சர் இதழில் வந்தது. உயிரியல் பாடப் புத்தகத்தில் இதைப் படித்தவர்கள்கூட, அந்தப் புல் இந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்தக் கட்டுரை எனக்கு ஒரு தொழில் நுணுக்கத்தையும் கற்றுக்கொடுத்தது. பெட்டை பார்ப்பது தூரத்திலிருந்து. புல்வெளிக்குமேல் அலையும் கறுப்பு நாடாவாகத்தான் அவளுக்கு அது தெரிகிறது. நெருங்கி எடுத்தால் 600 லென்ஸில் தலையும் தோளும்தான் கிடைக்கும். வால் சட்டத்துக்கு வெளியே. பெட்டை எங்கே நின்று பார்ப்பாளோ அங்கே நிறுத்துங்கள் என்று ஒருமுறை ம்ஸேயிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நான் இத்தனை நாளாக வேறெங்கே நிறுத்திக்கொண்டிருந்தேன் என்றார். எல்லையைச் சுற்றும் ஆண் எப்போதும் ஏறத்தாழ ஒரே வேலிக்கல் அருகில் திரும்பும். திரும்பும்போது வால் வளைந்து முழுதாகத் தெரியும். அந்தக் கல்லை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். வேகமான ஷட்டர்கூட வேண்டாம், அவ்வளவு மெதுவான பறத்தல். கறுப்புப் பறவை என்பதால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோளின் சிவப்பு மட்டும் தனியாக மிதக்கும்.

வேலிக்கு அப்பால் நிலம் யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நிற்பது. நாங்கள் ஆட்டைப் பார்க்கிறோமா பறவையைப் பார்க்கிறோமா என்று ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கிளம்பும்போது ஒரு மூட்டை கிழங்கு வாங்கிக்கொள்வோம். புல்லை உழாமல் விட்டவரிடம் இரண்டு மூட்டை. மழைக்காலத்தில்தான் வால் முழு நீளத்தில் இருக்கும், ஆகவே மழைக்காலத்தில்தான் வர வேண்டும். கரிசல் சேற்றில் லேண்ட் குரூசரே சிக்கிக்கொள்ளும். ரப்பர் பூட்ஸும் கனமான ஸ்வெட்டரும் கட்டாயம். வண்டி சிக்கினால் தள்ளுவதற்கு வாடிக்கையாளரும் இறங்க வேண்டும் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.